கனடாவில் வேலை போனால்: ஈ.ஐ. யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்

சம்பளச் சீட்டில் வருமான வரிக்கும் ஓய்வூதியத்துக்கும் பக்கத்தில் ஈ.ஐ. (வேலைவாய்ப்புக் காப்புறுதி, Employment Insurance) என்று ஒரு கழிவு இருக்கும். 2025-இல் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் ஒவ்வொரு 100 டொலர் சம்பளத்திலும் 1.64 டொலர் இதற்காகப் பிடிக்கப்பட்டது. நீங்கள் கட்டுவதைப் போல 1.4 மடங்கை முதலாளியும் தன் பங்காகக் கட்டுகிறார். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வேலை போன நம்மவர் பலர் இதை அரசாங்கம் போடும் பிச்சை என்று நினைத்துக் கூசுகிறார்கள். "அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்துவிடும்" என்று காத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய காலம் கடந்த பிறகு ஆட்களைத் தேடி ஓடுகிறார்கள். வாகனக் காப்புறுதி கட்டியவர் விபத்துக்குப் பிறகு பணம் கேட்க வெட்கப்படுவதில்லை. இதுவும் அப்படியொரு காப்புறுதிதான். மாகாண அரசு தரும் சமூக உதவிப் பணம் வேறு திட்டம். அதற்குச் சேமிப்பும் சொத்தும் பார்ப்பார்கள். ஈ.ஐ.க்கு உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் கனடாவில் 1940-இல் வந்தது, இன்றைய ஈ.ஐ. என்ற பெயர் 1996-இல் வந்தது. நடத்துவது மத்திய அரசு, எனவே எந்த மாகாணத்தில் இருந்தாலும் அதன் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவிடம்தான் போக வேண்டும்.

முதல் படி: மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள்

கடந்த 52 வாரங்களில் நீங்கள் செய்த, ஈ.ஐ. கழிக்கப்பட்ட வேலை மணித்தியாலங்கள் மட்டுமே கணக்கில் வரும். இடையில் ஒருமுறை ஈ.ஐ. எடுத்திருந்தால், அந்த விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்து செய்த வேலைதான் கணக்கு. ஊரில் செய்த வேலை எத்தனை வருடமானாலும் இங்கே உதவாது. அதே நேரம், இங்கே செய்த வேலை முழுநேரமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பகலில் தொழிற்சாலை, வார இறுதியில் கடை என்று இரண்டு இடங்களில் வேலை செய்திருந்தால் இரண்டையும் கூட்டலாம். ஏஜென்சி மூலம் போன வேலையும் சேரும்.

எத்தனை மணித்தியாலம் தேவை என்பது நீங்கள் வசிக்கும் வட்டாரத்தைப் பொறுத்தது. ஈ.ஐ.க்காக நாடு 62 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் வேலையின்மை விகிதமும் மாதந்தோறும் திருத்தப்படுகிறது. விகிதம் 6% அல்லது அதற்குக் கீழே என்றால் 700 மணித்தியாலம் வேண்டும். அதற்கு மேலே ஒவ்வொரு சதவீதப் படிக்கும் 35 மணித்தியாலம் குறையும்: 7.1% முதல் 8% வரை 630, 8.1% முதல் 9% வரை 595, 13 சதவீதத்தைத் தாண்டினால் 420. வேலை செய்த இடம் பிரம்டனாக இருந்தாலும் வீடு ரொறன்ரோவில் என்றால் வீட்டின் தபால் குறியீடுதான் பார்க்கப்படும். சேர்விஸ் கனடா இணையதளத்தில் அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் வட்டாரத்தின் அன்றைய விகிதம் தெரியும்.

கையில் காசாக வாங்கிய சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. நம்மவர் கடைகளிலும் உணவகங்களிலும் இது சாதாரணம். வரி மிச்சம் என்று வாங்கும்போது இனிக்கும். வேலை போன அன்று அந்த மணித்தியாலங்கள் எங்கும் பதிவாகியிருக்காது. சிலர் உங்களைத் தொழிலாளி என்று காட்டாமல் 'சப் கொன்ட்ராக்டர்' என்று எழுதிக் கழிவே பிடிக்காமல் விடுவார்கள். முதலாளி சொல்லும் நேரத்துக்கு வந்து, அவர் கருவியால், அவர் சொன்னபடி வேலை செய்தீர்கள் என்றால் நீங்கள் தொழிலாளியாகவே கருதப்படக் கூடும். அதைத் தீர்மானிப்பது முதலாளி அல்ல, கனடா வருவாய் முகவரகம். அங்கே தீர்ப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

சொந்தக்காரர் கடையில் வேலை செய்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நெருங்கிய உறவினரிடம் செய்த வேலை இயல்பாகவே காப்புறுதிக்குள் வந்துவிடாது. அந்நியர் ஒருவரை வைத்திருந்தாலும் இதே சம்பளம், இதே நேரம், இதே நிபந்தனைதான் என்று காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்கில் 40 சதவீதத்துக்கு மேல் உங்கள் கையில் இருந்தால் அந்த வேலை சேராது.

குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால்தான் ஈ.ஐ. என்ற பேச்சு தவறு. தற்காலிக நிலையில் உள்ளவர்களுக்குத் தரப்படும், 9-இல் தொடங்கும் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தோடு, செல்லுபடியாகும் வேலை அனுமதியோடு வேலை செய்தவரும், அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரும் கேட்கலாம். ஆனால் பணம் பெறும் காலத்திலும் நீங்கள் வேலை செய்யச் சட்டப்படி முடிந்தவராக இருக்க வேண்டும். ஒரே முதலாளிக்கென்று கட்டப்பட்ட அனுமதி என்றால் இங்கே கேள்வி எழும். படிப்பு அனுமதியில் முழுநேரம் படிப்பவர்களை, வேலைக்குத் தயாராக இல்லாதவர்கள் என்றே அலுவலகம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிப்பது மாணவரின் பொறுப்பு.

இரண்டாம் படி: ஏன் வேலை போனது?

மணித்தியாலம் போதும் என்றாலும், வேலை போன காரணம் சரியாக இல்லாவிட்டால் பணம் இல்லை. வேலை குறைந்து ஆட்குறைப்பு, பருவ வேலை முடிந்தது, நிறுவனம் மூடப்பட்டது, ஒப்பந்தக் காலம் தீர்ந்தது ஆகியவற்றில் பிரச்சினை இல்லை. பிரச்சினை இரண்டு இடங்களில் வரும்: நீங்களாக விட்டது, உங்கள் தவறுக்காக நீக்கப்பட்டது.

நீங்களாக விட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. தக்க காரணம் இருக்க வேண்டும், வேறு நியாயமான வழி எதுவும் இருக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். துன்புறுத்தல், பாலியல் சீண்டல், இனப் பாகுபாடு, உடலுக்கு ஆபத்தான வேலைச் சூழல், சம்பளத்தில் பெரிய மாற்றம், வாழ்க்கைத் துணை வேறு ஊருக்குப் போவது, குழந்தையையோ நெருங்கிய குடும்பத்தவரையோ பராமரிக்க வேண்டிய நிலை, வேறு வேலை உறுதியாகியிருந்தது என்பவை ஏற்கப்படக் கூடியவை. ஆனால் "மேலாளர் கத்தினார், அடுத்த நாள் போகவில்லை" என்றால் அது தேறாது. மேலதிகாரியிடம் முறையிட்டீர்களா, வேறு பிரிவு கேட்டீர்களா, விடுப்புக் கேட்டீர்களா என்று அலுவலர் வரிசையாகக் கேட்பார். அதனால் விடுவதற்கு முன்பே முறைப்பாட்டை மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். உடல்நலம் காரணம் என்றால் வைத்தியரின் கடிதத்தை வாங்குங்கள். கோபத்தில் விட்டுவிட்டு வந்த பிறகு சேர்க்கும் சான்றுக்குப் பெறுமதி குறைவு.

தக்க காரணமில்லாமல் விட்டால் இன்னொரு அடியும் உண்டு. அதுவரை சேர்த்த மணித்தியாலங்களும் போய்விடும். அடுத்த வேலையில் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

நீக்கப்பட்டவர்கள் பலர் "என்னைத் துரத்திவிட்டார்கள், எனக்குக் கிடைக்காது" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். தவறான நடத்தை என்று சட்டம் சொல்வது, வேண்டுமென்றே அல்லது அதற்கு ஈடான அலட்சியத்தோடு செய்ததை: திருட்டு, அறிவிப்பின்றித் தொடர்ந்து வராமல் இருப்பது, அடிதடி. வேகம் போதவில்லை, ஆங்கிலம் போதவில்லை, வேலை பிடிபடவில்லை என்று நீக்குவது அதில் சேராது. விண்ணப்பியுங்கள், தீர்மானத்தை அலுவலகம் எடுக்கட்டும்.

மூன்றாம் படி: ஆர்.ஓ.ஈ.

ஆர்.ஓ.ஈ. என்பது முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவு. உங்கள் விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் இன்று இதை மின்வழியில் நேராகச் சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுகின்றன. கடைசிச் சம்பளக் காலம் முடிந்து 5 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. தாளில் கொடுத்தால் மூலப் பிரதியை வாங்கி, நீங்களே ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்களைப் பாருங்கள். 15ஏ-இல் மொத்த மணித்தியாலம். 15பி-இல் காப்புறுதிக்குட்பட்ட சம்பளம். 16-இல் காரணத்தைக் குறிக்கும் எழுத்து: 'ஏ' என்றால் வேலைப் பற்றாக்குறை, 'ஈ' என்றால் தானாக விலகியது, 'எம்' என்றால் நீக்கம், 'கே' என்றால் வேறு காரணம். உங்களை நிறுத்திவிட்டு 'ஈ' என்று எழுதும் முதலாளிகளும் இருக்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே, சிலர் கணக்காளரின் கைப்பழக்கத்தில். அந்த எழுத்து இறுதித் தீர்ப்பு இல்லை. விண்ணப்பத்தில் உங்கள் பக்கத்தை எழுதலாம், நிறுத்தியதைச் சொன்ன குறுஞ்செய்தியைச் சான்றாக வைக்கலாம். சம்பளச் சீட்டுகளை வருடம் முழுவதும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் தலைவலி குறைவு. மணித்தியாலம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தாலும் அவைதான் துணை.

ஆர்.ஓ.ஈ. வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். முதலாளி தராவிட்டாலும் விண்ணப்பத்தைப் போடுங்கள். அவரிடமிருந்து அதைப் பெறும் வேலையைச் சேர்விஸ் கனடா பார்த்துக்கொள்ளும். கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 4 வாரங்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால், இடைப்பட்ட வாரங்களுக்கான பணத்தை இழக்க நேரலாம்.

நான்காம் படி: விண்ணப்பம்

இணையத்தில்தான். கணினி இல்லாதவர்கள் நூலகத்திலோ சேர்விஸ் கனடா அலுவலகத்திலோ செய்யலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் நிறுத்தினால் தற்காலிகக் கடவுச்சொல்லைக் கொண்டு 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து முடிக்கலாம்.

சின் இலக்கம், கடந்த 52 வாரங்களில் வேலை செய்த இடங்களின் பெயரும் தேதிகளும், வங்கிக் கணக்கு விவரம், தற்காலிக நிலையில் உள்ளவர்களுக்கு வேலை அனுமதி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒருவரின் பிறப்புக் குடும்பப் பெயரையும் கேட்பார்கள். குடும்பப் பெயரே இல்லாத நமக்கு இது ஒரு குழப்பம். அப்பாவின் பெயரா, தாத்தாவின் பெயரா என்று யோசிக்காமல், சின் இலக்கத்துக்கு விண்ணப்பித்தபோது பெற்றோர் பெயரை எப்படிக் கொடுத்தீர்களோ அதையே, அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள்.

முழுநேர வேலைக்குத் தயாரா என்று ஒரு கேள்வி வரும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, ஆதலால் காலையில் மட்டும்தான் முடியும் என்று எழுதினால் அது தகுதியையே பாதிக்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் பிள்ளையை யார் பார்ப்பார் என்பதை முதலில் வீட்டில் பேசி ஒழுங்கு செய்துவிட்டு, பிறகு இந்தக் கேள்விக்கு வாருங்கள்.

அனுப்பியதும் உறுதிப்படுத்தல் எண் வரும், எழுதி வையுங்கள். அதன் பின் தபாலில் ஒரு கடிதம் வரும். அதில் 4 இலக்க அணுகல் குறியீடு இருக்கும், பின்னர் அறிக்கை கொடுக்க அது வேண்டும். நிலவறை வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மேல்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஒரே தபால் பெட்டியில் வரும் கடிதம் விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போய்விடும்.

எவ்வளவு கிடைக்கும்?

சராசரி வாரச் சம்பளத்தில் 55%, வரிக்கு முன். இதற்கு உச்சவரம்பு உண்டு. 2025-இல் கணக்கில் எடுக்கப்பட்ட அதிகபட்ச ஆண்டுச் சம்பளம் 65,700 டொலர். அதன்படி அந்த ஆண்டில் வாரத்துக்கு 695 டொலர்தான் உச்சம். வாரம் 1,300 டொலர் உழைத்தவருக்கும் 2,000 உழைத்தவருக்கும் அதே 695. இந்த எண் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

சராசரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் தொழிலாளிக்குச் சாதகம் இருக்கிறது. வருடம் முழுவதையும் கூட்டி வகுப்பதில்லை. அதிகம் உழைத்த வாரங்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். எத்தனை வாரங்கள் என்பதும் வட்டார விகிதத்தைப் பொறுத்தது: 6% வரை 22 வாரம், 7.1% முதல் 8% வரை 20, 13 சதவீதத்துக்கு மேல் 14.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குக் களஞ்சியம் ஒன்றில் மணிக்கு 20 டொலர், வாரம் 40 மணித்தியாலம், ஆக 800 டொலர். நத்தார் காலத்தில் 8 வாரங்கள் கூடுதல் வேலை செய்து 1,000 டொலர் எடுத்தார். வேலை குறைந்த வேறு சில வாரங்களில் 400 டொலர்தான். வட்டார விகிதம் 7.5% என்றால் சிறந்த 20 வாரங்கள்: எட்டு வாரம் 1,000, பன்னிரண்டு வாரம் 800, மொத்தம் 17,600. இருபதால் வகுத்தால் 880. அதில் 55% என்றால் 484 டொலர். 400 டொலர் எடுத்த வாரங்கள் இவரைப் பாதிக்கவே இல்லை.

வீட்டின் ஆண்டு நிகர வருமானம் 25,921 டொலர் அல்லது அதற்குக் கீழே இருந்து, பிள்ளைகளுக்கான கனடா உதவித்தொகையும் பெறுபவராக இருந்தால், குடும்பக் கூடுதல் தொகை சேர்ந்து 55 என்பது 80% வரை போகலாம். தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாத குடும்பத்துக்கு இந்தப் பக்கம் கதவே திறக்காது.

எத்தனை வாரங்களுக்கு? 14 முதல் 45 வரை. விகிதம் 6 சதவீதமோ குறைவோ என்றால், சரியாக 700 மணித்தியாலம் வைத்திருப்பவருக்கு 14 வாரம். வருடம் முழுவதும் முழுநேரம் செய்தவருக்கு அதே வட்டாரத்தில் 36 வரை.

முதல் ஒரு வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணமில்லை. விடுமுறைப் பணம், நட்டஈட்டுப் பணம் எதையாவது முதலாளி கடைசியில் கொடுத்திருந்தால் வழக்கமான விதிப்படி அதை வாரச் சம்பளமாகப் பிரித்து, அத்தனை வாரம் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவார்கள். 800 டொலர்க்காரருக்கு 3,200 கிடைத்திருந்தால் 4 வாரம். அமெரிக்க இறக்குமதி வரியின் தாக்கத்தைச் சமாளிக்க 2025 மார்ச் 30 முதல் இந்த இரு விதிகளையும் அரசு தற்காலிகமாகத் தளர்த்தியது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் விண்ணப்பித்து 28 நாட்களுக்குள் முதல் பணம் வரும் என்பது பொதுவான கணக்கு. அதற்கும் வருமான வரி உண்டு.

பணம் வரத் தொடங்கிய பிறகு

இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இணையத்திலோ தொலைபேசியிலோ அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் வராது. ஈ.ஐ.க்கு வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிகிறது. வேலை செய்தால், சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் அல்ல, உழைத்த வாரத்தில் காட்ட வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். முதலாளி வருடாந்தம் தரும் சம்பள விவரமான ரி4 படிவங்களோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் பெற்றதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும்.

மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம்தான் கழிப்பார்கள். பழைய சராசரிச் சம்பளத்தில் 90% வரை இந்தச் சலுகை உண்டு. 484 டொலர் பெறுபவர் பகுதிநேரமாக 200 டொலர் உழைத்தால் 100 கழிந்து 384 கிடைக்கும். சம்பளத்தோடு சேர்த்து 584. சும்மா இருப்பதைவிட 100 டொலர் கூட.

வேலை தேடியதற்குக் குறிப்பு வைத்திருங்கள்: எந்த நிறுவனம், எந்தத் தேதி, எந்த வழி. சேர்விஸ் கனடா அதை எப்போது வேண்டுமானாலும் உங்களிடம் கேட்கலாம்.

ஊருக்குப் போகும் விடயம். கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. நெருங்கிய உறவின் இறுதிச் சடங்கு, கடும் நோயில் இருக்கும் குடும்பத்தவரைப் பார்ப்பது போன்ற காரணங்களுக்குத் தொடர்ந்து 7 நாட்கள் வரை விலக்கு உண்டு. யாழ்ப்பாணம் போய்ச் செத்தவீட்டில் நின்று வர அது ஒருவாறு போதும். அந்தியேட்டி வரை நிற்பதென்றால் மீதி நாட்களை விட்டுவிட வேண்டியதுதான். எப்படியானாலும் அறிக்கையில் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லைச் சேவையின் பதிவுகள் சேர்விஸ் கனடாவுக்குக் கிடைக்கின்றன, சொல்லாமல் போய் வந்தது வெளியே வராமல் இருக்காது.

நோய், பிள்ளைப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கும் ஈ.ஐ.யில் பணம் உண்டு. அவற்றுக்கு 600 மணித்தியாலம் தேவை. நோய்க்கு 26 வாரம் வரை. பிள்ளைப்பேறும் பராமரிப்பும் கியூபெக்கில் மாகாணத் திட்டத்தின் கீழ் வரும். அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கட்டணம் இல்லை. வேறொரு அலுவலர் கோப்பைத் திறந்து பார்ப்பார், தொலைபேசியில் அழைப்பார். முதல் விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்ல இதுவே சந்தர்ப்பம்: குறுஞ்செய்திகள், வைத்தியர் கடிதம், கூட வேலை செய்தவரின் எழுத்து மூலமான வாக்குமூலம். "எனக்கு அநியாயம் நடந்தது" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று ஐந்து வரி எழுதுவது மேல். அதிலும் மறுத்தால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். சேர்விஸ் கனடாவுக்கு வெளியே இயங்கும் அமைப்பு அது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, விசாரணை தொலைபேசியிலோ காணொளியிலோ நடக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் மேன்முறையீட்டுப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள், செலவைத் தீர்ப்பாயமே ஏற்கும்.